கடனால் கட்டுவதும் கடனைக் கழிப்பதும்
(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



போன மாதம் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா என்னை மறித்துக் கேட்டார்: "ஏங்கய்யா, படிச்ச புள்ளைங்க எல்லாம் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போறாங்களே, இத நிப்பாட்ட ஒரு வழியும் இல்லியா?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அதனால் இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன். ஆட்கள் ஊரை விட்டுப் போகாமல் இருக்க ஒரு அரசாங்கம் என்ன செய்யலாம்? இதை நிஜமாகவே செய்து பார்த்த ஓர் இடம் இருக்கிறது.

நோர்வே நாட்டின் வடக்கு முனையில் பின்மார்க் என்று ஒரு மாகாணம். நம்ம இலங்கையில் முக்கால் பங்கு பரப்பு. ஆனால் அங்கே இருப்பவர்கள் ஏறக்குறைய 75,000 பேர்தான். குளிர்காலத்தில் இரண்டு மாதம் அளவுக்குச் சூரியனே எழும்பாது. நம்ம ஊர் பனியும் மழையும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்த மக்கள் மண்ணை விட்டுக்கொடுக்காதவர்கள். 1944இல் ஜெர்மன் படை பின்வாங்கும்போது வீடுகளையும் படகுத்துறைகளையும் எரித்துவிட்டு, ஏறக்குறைய 50,000 பேரை வலுக்கட்டாயமாக வெளியேற்றியது. ஆயிரக்கணக்கானவர்கள் போக மறுத்து, குகைகளிலும் மண்குடிசைகளிலும் ஒளிந்து கிடந்தார்கள். யுத்தம் முடிந்ததும், "பொறுங்கள், வீடு கட்டின பிறகு வரலாம்" என்று அதிகாரிகள் சொன்னதையும் கேட்காமல் சனங்கள் திரும்பி வந்தார்கள்.

அப்படிப்பட்ட மக்களே பிறகு ஊரை விட்டுப் போகத் தொடங்கினார்கள். 1980களின் கடைசியில் கடலில் கொட் மீன் குறைந்தது. பிடிக்கிற அளவையும் வெட்டினார்கள். கடலை நம்பிய கிராமங்களில் வேலை போனது. இளசுகள் தெற்கே போனார்கள். டொக்டரும் ஆசிரியரும் அங்கே வர விரும்பவில்லை.

1990இல் நோர்வே அரசாங்கம் பின்மார்க்கையும், பக்கத்து மாகாணமான துரொம்சின் வடக்கில் உள்ள ஏழு உள்ளூராட்சிப் பிரதேசங்களையும் சேர்த்து ஒரு விசேட வலயமாக்கியது. அங்கே இருப்பவர்களுக்கு வரியைக் குறைத்தது. 2019 முதல் நாட்டின் மற்ற இடங்களில் பொது வருமான வரி 22 வீதம் என்றால், அந்த வலயத்தில் 18.5 வீதம். ஆட்களை வேலைக்கு வைக்கிற முதலாளி சம்பளத்தின் மேல் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு வரி தலைநகர் ஒஸ்லோவில் 14.1 வீதம். இங்கே ஒன்றுமில்லை. வீட்டு மின்சாரத்துக்கு உள்ள வரியையும் நீக்கிவிட்டார்கள். அந்தக் குளிரில் அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். 2023 ஓகஸ்ட் மாதத்திலிருந்து பாலர் பாடசாலைக்கும் கட்டணம் கிடையாது. நம்ம பாஷையில் சொன்னால், பிள்ளைக்காம்பரா இலவசம்.

எல்லாவற்றையும் விட என் மனதைத் தொட்டது ஒன்று. அங்கே பிள்ளைகள் அரசாங்கத்திடம் கடன் எடுத்துத்தான் மேற்படிப்புப் படிக்கிறார்கள். படித்து முடித்து இந்த வலயத்தில் 12 மாதம் தொடர்ந்து குடியிருந்து வேலையும் பார்த்தால், அந்தக் கடனில் 10 வீதத்தை அரசாங்கமே கழித்துவிடும். வருடத்துக்கு 25,000 குரோனர் வரை என்று நீண்ட காலம் எல்லை வைத்திருந்தார்கள். இரண்டு இலட்சம் குரோனர் கடன் உள்ள ஒரு தாதி அங்கே ஒரு வருடம் இருந்தால் 20,000 குறையும். பத்து வருடம் இருந்தால் கடனே இல்லை.

இப்ப நம்ம பாட்டன்மார் கதையை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவையும் கங்காணி கொடுத்த முற்பணத்தையும் தொழிலாளியின் தலையில் கடனாக எழுதினார்கள். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் துண்டு வேண்டும். "இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவோம்" என்று எழுதிய சீட்டு அது. புதுத்தோட்டம் கட்டினாலும் கடன் அழியவில்லை. அங்கேயும் கூடவே வந்து உட்கார்ந்தது. 1921இல் சட்டம் வந்துதான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

கவனியுங்கள். நம்மாட்களைப் போகவிடாமல் வைக்கக் கடனை ஏற்றினார்கள். பின்மார்க்கில் ஆட்கள் இருக்க வேண்டும் என்று கடனை இறக்குகிறார்கள். இரண்டும் ஒரே நோக்கம் மாதிரித் தெரியும். ஒன்றில் மனிதன் போக முடியாமல் இருந்தான். மற்றதில் போக முடிந்தும் இருக்கிறான்.

சலுகையால் எல்லாம் சரியாகிவிட்டதா? முழுசாக இல்லை. 1990இல் நோர்வேயில் 42 இலட்சம் பேர். இப்போது 55 இலட்சத்துக்கும் மேல். பின்மார்க் மட்டும் கிட்டத்தட்ட அன்றைக்கு இருந்த அளவிலேயே நிற்கிறது. இளையவர்கள் இன்னமும் தெற்கே போகிறார்கள். சலுகை ஓட்டையை அடைத்தது, குடத்தை நிறைக்கவில்லை. ஆனால் அடைக்காமல் விட்டிருந்தால் குடம் வற்றியிருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

அந்த மக்கள் வரிச்சலுகையோடு நிற்கவும் இல்லை. "இந்த மண்ணில் எங்களுக்கு என்ன உரிமை?" என்றும் கேட்டார்கள். குறிப்பாக அங்கே ஆதியிலிருந்து வாழும் சாமி இன மக்கள் பல வருடம் போராடினார்கள். 2005இல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கத்தின் பெயரில் இருந்த நிலம், அதாவது மாகாணத்தின் ஏறக்குறைய 95 வீதம், அங்கே வாழ்பவர்களுக்கான ஒரு பொது அமைப்பின் கைக்குப் போனது.

அக்கா கேட்ட கேள்விக்கு இப்போது என் பதில் இதுதான். பிள்ளைகளை நிப்பாட்ட வழி தேடாதீர்கள். அவர்கள் இருக்கவும், போனால் திரும்பி வரவும் ஒரு காரணம் தேடுங்கள். சொந்தப் பெயரில் காணி, தபால் வந்து சேர ஒரு முகவரி, மழைக்கும் போகக்கூடிய பாதை, நல்ல பிள்ளைக்காம்பரா, விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்க ஆசிரியர். மாதர் சங்கத்திலும் தலைவர்மாரிடமும் இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எங்க புள்ளைங்க போறாங்களே" என்று அழுதால் யாரும் தர மாட்டார்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. கலியாணத்துக்கும் சடங்குக்கும் கடனை வாங்கிவிட்டு, "நீ வேலைக்குப் போய்த்தான் கட்டணும்" என்று பதினாறு வயசுப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். அடகு வைத்த நகைக்காகப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நிப்பாட்டாதீர்கள். அதுவும் ஒரு துண்டுதான். 1921இல் சட்டம் போட்டு ஒழித்த துண்டை நம்ம லயத்துக்குள் நாமே திரும்ப எழுதக் கூடாது.

பிள்ளையின் கடன் புத்தகத்தில் முதல் வரியை நாம் எழுதாமல் இருப்போம். அவ்வளவுதான் நான் கேட்பது.