நீளும் உலோகமும் கற்கும் கணினியும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் கம்பியில் எடைகளைத் தொங்கவிட்டு யங்கின் மட்டைக் கணித்தவர்கள் நாம். கம்பி சற்றே நீளும். எடை கூடினால் அறும். ஆனால் சில கலப்புலோகங்கள் பாகுபோல நீள்கின்றன. 1934 இல் பியர்சன் என்ற ஆய்வாளர் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த கோலொன்றை மெல்ல இழுத்து 1950 சதவீதம் நீட்டிக் காட்டினார். இப்பண்பை மீநெகிழ்வு என்கிறோம்.

இன்று அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த டைட்டேனியத் தகட்டை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் வாயு அழுத்தத்தால் அச்சினுள் ஊதி விமானப் பாகங்கள் செய்கிறார்கள். உலோகத்தின் மணிகள் பத்து மைக்கிரோமீற்றருக்கும் சிறியனவாக இருந்தால்தான் அவை ஒன்றன்மேலொன்று வழுக்கும். வெப்பநிலையோ வேகமோ பிசகினால் தகடு ஓரிடத்தில் மெலிந்து கிழியும்.

சரியான நிலையை எப்படி அறிவது? ஆரம்ப நீளத்தில் செக்கனுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வீதம் இழுத்தால், ஒரு மாதிரி இரு மடங்காக நீள்வதற்கே 2¾ மணித்தியாலம் கடந்துவிடும். எல்லா நிலைகளையும் சோதிக்க முடியாது. அதனால் எம்மைப் போன்றோர் நரம்பு வலையமைப்பை நாடுகிறோம். வெப்பநிலை, விகார வீதம், மணியின் பருமன் ஆகியவற்றைக் கொடுத்து, அளந்த தகைப்பையும் காட்டுகிறோம். அது தன் கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, உள்ளிருக்கும் எண்களைத் திருத்தித் திருத்திக் கற்கிறது. சில அளவீடுகளை மறைத்து வைத்து, பின்னர் அவற்றால் அதனைப் பரீட்சிக்கிறோம்.

ஆனால் 850 முதல் 950 பாகை வரை மட்டும் கற்ற வலையமைப்பிடம் 700 பாகையைக் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்லும். அந்த விடையை நம்பினால் தகடு கிழியும். கேம்பிரிட்ஜில் டேவிட் மக்கேயின் பேய்சியன் முறையை பதேஷியா உலோகவியலில் பயன்படுத்தியதன் சிறப்பு இங்கேதான்: தரவு குறைந்த இடத்தில் விடையின் நிச்சயமின்மையும் பெரிதாகத் தெரியும்.

தங்கைமாரே, உங்களிற் பலர் இத்தகைய கருவிகளோடு வேலை செய்வீர்கள். அவை கற்பது நீங்கள் பதிந்து கொடுக்கும் அளவீடுகளிலிருந்தே. நன்றாக நீண்ட மாதிரியை மட்டுமன்றி, இடையில் அறுந்த மாதிரியையும் கொப்பியில் எழுதி வையுங்கள். எது வரை போகலாம் என்பதை அதுதான் சொல்லும்.