ஆயிரம் அடி இடைவெளி

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! அடுப்பு வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

"மனிதனை வாழவைப்பது கட்டுப்பாடே" என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அம்மா கேட்டாங்க, "பறவைக்கு வானத்துல யாராவது கோடு போட்டிருக்காங்களா?"ன்னு. பறவைக்கு இல்லைம்மா. அது முதுகுல முந்நூறு பேர் டிக்கெட் வாங்கி உட்காரலையே! (சிரிப்பு)

எங்க தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020-ல் சுகோய் போர் விமானங்கள் வந்தன. நடவு நடுகிற பொம்பளைங்க அண்ணாந்து பார்ப்பாங்க. "வானம் சும்மாதானே கிடக்கு, இஷ்டத்துக்கு ஓட்டலாமே"ன்னு தோணும். முடியாதுங்க! பெரிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வானத்தில், கட்டுப்பாட்டு அதிகாரி சொன்ன உயரத்தை விட்டு இஷ்டத்துக்கு இறங்கக் கூடாது.

1996 நவம்பர் 12. டெல்லிக்கு மேற்கே, சர்க்கி தாத்ரி. கஜகஸ்தான் விமானம் இறங்கி வருது. சவூதி விமானம் ஏறிப் போகுது. ரெண்டுக்கும் ஒரே பாதை. இறங்குறவருக்கு 15,000 அடி. ஏறுறவருக்கு 14,000 அடி. நடுவுல ஆயிரம் அடிதான் பாதுகாப்பு. இறங்கி வந்த விமானம் அந்த எல்லையைத் தாண்டிக் கீழே வந்துவிட்டது. டெல்லியில் அன்றிருந்த ராடார் உயரத்தைக் காட்டாது. மோதிடுச்சு. 349 பேர்! ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அப்புறம்தான் வர்றதுக்கு ஒரு பாதை, போறதுக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். மோதல் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். அதனால பறக்கிறது நின்னுடுச்சா? கூடித்தானே இருக்கு! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதை நான் எங்க வாய்க்கால் கரையிலேயே படிச்சவன். தண்ணி குறைஞ்சா டெல்டாவுல முறைப்பாசனம். ஒரு வருஷம் அடுத்தவர் முறையில, மூணு ராத்திரி, எங்க அப்பா மண்வெட்டியோட போய் மடையைத் திறந்துவிட்டார். யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சார். கடைமடையில எங்க பெரியப்பா நாத்து கருகிப்போச்சு. வேற யாரும் இல்லைங்க, அப்பாவோட கூடப்பிறந்த அண்ணன்! அதுக்கப்புறம் அவர் எங்க வீட்டுப் படி ஏறவே இல்லை. அப்பா சாவுக்குத்தான் வந்தார். வந்தவர் திண்ணையில உட்கார்ந்து, "தண்ணி வேணும்னு என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா"ன்னு அழுதார்.

(மணி ஒலிக்கிறது)

முடிச்சிடறேன் ஐயா. மணியும் கட்டுப்பாடுதானே! (சிரிப்பு) வயலில் முறை மீறினால் உறவு போகும். வானத்தில் முறை மீறினால் உயிர் போகும். ஆகவே, வாழவைப்பது கட்டுப்பாடே என்று கூறி அமர்கிறேன்.