சோற்றுக் கணக்கும் பிள்ளைகளின் மானமும்

(ஆம்பூரில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேனிலை வகுப்பு மாணாக்கர்க்குக் குறைந்த கட்டணத்தில் பகலுணவு அளிக்க நமது சங்கம் எண்ணியிருப்பதை யாவரும் அறிவீர்கள். அரசினர் நடத்தும் சத்துணவு 10-ஆம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொணர்ந்தால் உண்பர். இன்றேல் வெறுவயிற்றோடு மாலைவரை பாடங் கேட்பர். ஆதலின் இம்முயற்சியை நாம் முழுமனத்தோடு வரவேற்கின்றோம். ஆயினும் அதன் விதிகளுள் ஒன்றைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றோம். கட்டணம் நிலுவையாயின் பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதுவது, இரண்டு திங்கள் நிலுவையாயின் உணவை நிறுத்துவது என்பதே அவ்விதி.

இவ்விதி புதியதன்று. செல்வத்திற் சிறந்த அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் வழங்கிவந்ததே இது. அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளில் மிக வறியவர்க்கு உணவு இலவசம். பிறர் விலை கொடுத்தல் வேண்டும். வறுமைக் கோட்டிற்குச் சற்றே மேலிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் பெயரிற் கடன் ஏறும். 2014-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரப் பள்ளியொன்றில், கணக்கிற் பணமில்லாத ஏறக்குறைய 40 பிள்ளைகளின் கையிலிருந்த உணவை வாங்கிக் குப்பையில் எறிந்தனர். கடனும் தீரவில்லை, உணவும் ஒருவர்க்கும் பயன்படவில்லை, எஞ்சியது பிள்ளைகளின் நாணமே. இத்தகைய இழிசெயல்களைக் கண்டு மனம் நொந்த நியூ மெக்சிகோ மாநிலத்தார், 2017-இல், கடனைப் பெற்றோரிடமே கேட்க வேண்டும், பிள்ளையை நாணச்செய்தல் கூடாது என்று சட்டமியற்றினர். கலிபோர்னியா மாநிலத்தார் 2022-ஆம் கல்வியாண்டு முதல் எல்லாப் பொதுப்பள்ளிப் பிள்ளைகட்கும் கட்டணமின்றியே உணவளிக்கின்றனர்.

நிற்க. நம் நாட்டு வரலாறு யாது? 1920-ஆம் ஆண்டு சென்னை நகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பள்ளியிற் சிற்றுண்டி வழங்கத் தொடங்கிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாத செலவு. அதனையும் தொடக்கக்கல்வி நிதியினின்று எடுத்தல் கூடாதென்று அக்கால அரசாங்கம் மறுத்தமையால், 1925-இல் உணவு நின்றது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் குறைந்தனர். 1927-இல் மீண்டும் தொடங்கினர். கணக்கைப் பற்றிய வழக்கு பெரியோர்களுடையது. பட்டினியோ பிள்ளைகளுடையது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

பின்னர், 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவிற்று. 1982-ஆம் ஆண்டு ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2001-இல் உச்ச நீதிமன்றம், அரசு மற்றும் அரசுதவி பெறும் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு அளித்தே தீரவேண்டுமென்று நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவும் பள்ளிகளிற் சேர்ந்தது. இவற்றுள் எதிலும் பிள்ளையின் பெயரிற் பற்று வரவு இல்லை. நம் மாநிலத்தின் பெருமை சோறிட்டது மட்டுமன்று. பிள்ளைகளுக்குக் கடன் எழுதாமல் இட்டதே பெருமை.

"கண்டிப்பு இல்லையேல் கொடுக்க வல்லவரும் கொடாரே" என்பர் சிலர். உண்மை; வசூல் வேண்டும். ஆனால் அது யாரிடம் என்பதே வினா. சம்பாதிப்பவர் தந்தையும் தாயும், உண்பவன் மகன். கடனாளியைக் கேளாது உண்பவனைத் தண்டித்தல் எந்நீதி?

மேலும், நம் பகுதியின் பிழைப்பு எத்தகையது என்பதையும் எண்ண வேண்டும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் காலணியின் மேற்பாகத்தை வீட்டிலிருந்தே தைக்கும் தாய்மார் ஜோடிக்கு இவ்வளவென்று கூலி பெறுகின்றனர். வேலை வந்தால் கூலி, வாராவிடில் இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம், பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் சாலைகளைப் பற்றித் தீர்ப்பளித்தது. நீரைக் காக்க அது வேண்டியதே. எனினும், சாலை மூடிய நாளில் கூலியாளின் அடுப்பும் அணைந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளின் மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும் இவ்வட்டாரத்தில் அந்த அச்சமே எழுந்தது. கடல் கடந்த ஊரில் எடுக்கும் முடிவுக்கு, இங்கே 16 வயதுப் பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதுதல் தகுமா? அவன் மறுநாள் உணவுச்சாலைக்கு வாரான். சில நாளிற் பள்ளிக்கும் வாரான். பின்னர்த் தோற்சாலை வாயிலிலே அவனைக் காண்போம். கல்வி வளர்க்கத் தோன்றிய சங்கம் அதற்குக் காரணமாதல் வேண்டா.

ஆகவே, மூன்று திருத்தங்களை முன்மொழிகின்றோம். முதலாவது, கணக்கு பெற்றோர் பெயரிலேயே இருத்தல் வேண்டும். அப்புத்தகம் பொருளாளர் பெட்டியை விட்டு வெளிவருதல் கூடாது. இரண்டாவது, நிலுவையைச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வீட்டிற்குச் சென்று பெற்றோரிடம் கேட்க வேண்டும். பிள்ளையிடம் சீட்டு அனுப்புதல் கூடாது. மூன்றாவது, கொடுக்கவியலாதார் நிலுவையை, நம் இல்லத் திருமணங்களிற் சங்கத்திற்கு அளிக்கும் நன்கொடையில் ஒரு பகுதிகொண்டு ஆண்டிறுதியில் நேர்செய்தல் வேண்டும்.

இன்னுமொன்று. அப்பள்ளியிற் பயில்வோர் பல குலத்தார். பந்தியில் அமரும் பிள்ளை நம்மவனா, அயலானா என்று வினவுதல் வேண்டா. பஞ்சத்தால் வாடிய காஞ்சியில் மணிமேகலை ஏந்திய அமுதசுரபி, கணக்கும் கேட்டதில்லை, குலமும் கேட்டதில்லை.

இத்திருத்தங்களை அவையோர் ஏற்றுத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, இத்துடன் அமைகின்றோம்.