சாங்கிக் கரையும் ஒரு பிளாப்பி வட்டும்



சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் இன்று நிற்கும் இடத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடல். பாய லேபரிலிருந்து விமான நிலையத்தைச் சாங்கிக்கு மாற்றுவது என்று 1975-இல் அரசு முடிவெடுத்தது. கடலடி மணலை அள்ளிக் கொட்டி நிலத்தை மீட்டார்கள். 1981 ஜூலை 1 அன்று முதல் முனையம் இயங்கத் தொடங்கியது.

கரை இப்படி நகர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில், சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டிருந்தது. 1972 ஜூலையில் ஏவப்பட்ட லேண்ட்சாட் 1, பதினெட்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே திரும்பி வந்தது. அதுவும் அதன் பின்வந்த செயற்கைக்கோள்களும் எடுத்த படங்களை, 2008 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் திறந்துவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் பதிவிறக்கலாம். சாங்கிக் கரை எப்போது எவ்வளவு வளர்ந்தது என்று வீட்டிலிருந்தபடியே அளந்து பார்க்கலாம்.

இதைச் செய்ய விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. 1980-களின் மேசைக் கணினியும் அதற்கென அன்றே இலவசமாகக் கிடைத்த நிரல்களும் போதும். பழைய கணினி ஆர்வலர்கள் அந்த நிரல்களைத் தேடி அலைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அவற்றில் முதன்மையானது என்.ஐ.எச். இமேஜ். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பணிபுரிந்த வேய்ன் ராஸ்பேண்ட், 1987-இல் மக்கின்டாஷ் 2 கணினிக்காகப் பாஸ்கல் மொழியில் எழுதியது. செல்களை எண்ணவும், ஆய்வுக்கூடப் படங்களில் பட்டைகளின் கருமையை அளக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்க அரசு ஊழியர் பணிக்காக எழுதும் எதற்கும் அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. ஆகவே நிரலும் அதன் மூலக்குறியும் பொதுச் சொத்து; படியெடுக்கலாம், திருத்தலாம், நண்பருக்கும் கொடுக்கலாம்.

சிங்கப்பூரின் காப்புரிமைச் சட்டமும் அதே 1987-இல்தான் வந்தது. கணினி நிரல்களுக்கும் அது பாதுகாப்பு அளித்தது. விலைக்கு விற்ற எத்தனையோ நிரல்கள், விற்ற நிறுவனம் மூடியதும் கிடைக்காமல் போய்விட்டன. வைத்திருந்தவர்களும் வெளியே கொடுக்கத் தயங்கினார்கள். என்.ஐ.எச். இமேஜுக்கு அந்தத் தடை இல்லை. பல்கலைக்கழகச் சேமிப்பகங்கள், குறுவட்டுத் தொகுப்புகள், ஆய்வாளர்களின் மேசை இழுப்பறைகள் என்று பல இடங்களில் அதன் படிகள் தங்கின. ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோர் இடத்தில் அகப்படும்.

அகப்பட்டதும் நிரல் ஓடிவிடும் என்று நினைத்தால் தவறு.  பழம்பொருள் சந்தை ஒன்றில் மக்கின்டாஷின் 800 கேபி பிளாப்பி ஒன்று கிடைத்தது என்று வையுங்கள். யூ.எஸ்.பி. பிளாப்பி இயக்கி அதைப் படிக்காது. வெளிவட்டத்துக்கு ஒரு வேகம், உள்வட்டத்துக்கு வேறு வேகம் என்று சுழற்றி எழுதப்பட்ட வட்டு அது. பழைய மக்கின்டாஷ் இயக்கி இருந்தால் எளிது.

இணையத்திலிருந்து இறக்கினாலும் ஒரு பொறி உண்டு. மக்கின்டாஷ் கோப்புக்கு இரண்டு பாகங்கள். சாதாரணக் கணினி வழியாக அப்படியே நகலெடுத்தால் ஒரு பாகம் உதிர்ந்து, நிரல் உயிரில்லாத கோப்பாகிவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் பின்ஹெக்ஸ், ஸ்டஃபிட் முறைகளில் கட்டி அனுப்பினார்கள். கட்டை அவிழ்க்காமல், இன்றைய கணினியில் பழைய மக்கின்டாஷைப் போல இயங்கும் எமுலேட்டருக்குள் கொண்டுபோய், அங்கே பிரிப்பதே பாதுகாப்பு.

இனி சாங்கி. லேண்ட்சாட் 1-இன் முழுப் படம் ஒன்று, நான்கு அலைவரிசைகளோடு சேர்த்து ஏறக்குறைய 30 எம்பி. 800 கேபி வட்டில் ஏற்றினால் முப்பதுக்கும் மேற்பட்ட வட்டுகள் பிடிக்கும். மக்கின்டாஷ் 2-இன் அடிப்படை நினைவகமோ வெறும் 1 எம்பி. ஆனால் சாங்கிக்கு முழுப் படம் எதற்கு? அகலம் 512, உயரம் 512 புள்ளிகள் கொண்ட ஒரு துண்டு போதும். ஒரு புள்ளி 60 மீட்டர் என்றால் துண்டின் பக்கம் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; சாங்கியிலிருந்து புக்கிட் தீமா வரை அடங்கிவிடும். ஓர் அலைவரிசைக்கு 256 கேபி. ஒரே பிளாப்பியில் இரண்டு அலைவரிசைகள் தாராளமாக அடங்கும்.

எடுக்க வேண்டியது அண்மை அகச்சிவப்பு அலைவரிசை. நீர் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் கடல் கறுப்பாகத் தெரியும். மணலும் மரமும் வெளிறித் தெரியும். ஒரு குறிப்பிட்ட பிரகாசத்துக்கு மேலுள்ள புள்ளிகளை மட்டும் நிறமிட்டுக் காட்டும் வசதி என்.ஐ.எச். இமேஜில் இருக்கிறது. நிலம் தனியே பிரிந்து வரும். நிரல் புள்ளிகளை எண்ணிச் சொல்லும். ஒரு புள்ளி 3,600 சதுர மீட்டர்; 100 ஹெக்டேருக்குச் சுமார் 278 புள்ளிகள். 1970-களின் படத்துக்கும் 1980-களின் படத்துக்கும் வித்தியாசம் பார்த்தால் மீட்ட நிலத்தின் பரப்பு கிடைத்துவிடும். 1990-களில் சாங்கி கிழக்கில் நடந்த நில மீட்பையும் இப்படியே தொடர்ந்து பார்க்கலாம்.

எமுலேட்டர் வேண்டாம் என்பவர்களுக்கு இமேஜ்ஜே இருக்கிறது. ராஸ்பேண்ட் 1997-இல் ஜாவாவில் தொடங்கியது. அதுவும் பொதுச் சொத்துதான். இன்றைய மடிக்கணினியிலும் ஓடும். பழைய நிரல் தந்த எண்ணிக்கை சரிதானா என்று இதில் ஒத்துப் பார்க்கலாம்.

தொடங்குகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் வானத்தில் மேகமில்லாத படம் அமைவது அரிது. முதலில் கிழக்குக் கரை தெளிவாக இருக்கும் தேதிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அடுத்தது ஓதம். ஓதம் வற்றிய நேரத்தில் எடுத்த படத்தில் சேறும் மணலும் நிலம்போலத் தெரிந்து, கரை வளர்ந்ததாகக் காட்டிவிடும். செயற்கைக்கோள் கடந்த நேரத்தை அன்றைய ஓத அட்டவணையோடு ஒப்பிட்டு, நீர்மட்டம் ஏறத்தாழ ஒன்றாக இருந்த படங்களையே இணைசேர்க்க வேண்டும்.