காலும் வாயும் வயிறும்



கால்வாய் என்னுஞ் சொல்லிலேயே அதன் இலக்கணம் அடங்கியிருக்கின்றது. நீர் நடப்பதற்குக் கால் வேண்டும். வெளியேறுவதற்கு வாய் வேண்டும். இரண்டில் ஒன்று அடைபட்டாலும் ஊர் மூழ்கும்.

கொழும்பிலே ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய்கள் சரக்குப் படகுகள் செல்லும் நீர்வழிகளாய் விளங்கின. பின்னர், 19ஆம் நூற்றாண்டில், மேல் மாகாண அரசாங்க அதிபராயிருந்த லேயாட் என்பார் வெள்ளநீரைக் கடலுக்கு விடும்பொருட்டு வெள்ளவத்தைக் கால்வாயை அமைப்பித்தார். அதனை ‘லேயாட்டின் மடமை’ என்று எள்ளி நகைத்தோரும் உளர். இன்றோ தென்கொழும்பின் நீர் கடலையடையும் வாயில்களுள் அதுவும் ஒன்று. அவ்வாயிலை அலைகொணரும் மணல் அடைத்துவிடாதபடி காப்பது ஓயாத பணியாகும்.

வடகொழும்பின் இடர் வேறு. களனி கங்கை பெருகும்போது கால்வாய் நீர் ஆற்றிற் கலக்கமாட்டாது. ஆற்றுநீர் நகருட் புகாதவாறு மதகுகளையும் அடைக்க நேரும். அவ்விரவுகளிற் கொட்டாஞ்சேனையை அடுத்த தாழ்நிலத்துக் குடும்பங்கள், பிள்ளைகளின் புத்தகங்களைக் கட்டில்மேல் ஏற்றிவைத்து விழித்திருக்கும்.

2010 நவம்பரிற் பெய்த பெருமழை நாடாளுமன்ற வளாகத்தையும் சூழ்ந்தது. அதன்பின், 2012இல், உலக வங்கியின் 21 கோடியே 30 இலட்சம் டொலர் கடனுதவியுடன் கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. அதன்கீழ்க் கால்வாய்க் கரைகள் திருத்தப்பெற்றன. வடகொழும்பின் நீரை ஆற்றை நம்பாது நேரே கடலிற் சேர்க்க, முகத்துவாரத்திலே ஏறத்தாழ முக்காற் கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கவழி குடையப்பெற்றது. ஊரின் பெயருக்கேற்ற பணியே அது.

ஆயின், காலும் வாயும் மட்டும் போதுமா? வயிறும் வேண்டும். ஒரு மணி நேரத்திற் கொட்டும் மழையை எச்சுரங்கமும் ஒரு மணி நேரத்தில் விழுங்கிவிடாது. எஞ்சிய நீரைத் தாங்கிநின்று, மெல்ல மெல்ல விடுப்பவை சதுப்பு நிலங்களே. அவற்றின் பொருட்டன்றோ 2018இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் ‘ஈரநில நகரம்’ என்னுஞ் சிறப்பு கொழும்புக்குக் கிடைத்தது! சதுப்பிலே ஒருவர் கொட்டும் ஒவ்வொரு வண்டி மண்ணும், அங்கே தங்கவேண்டிய நீரை இன்னொருவர் வீட்டு வாசலுக்கு அனுப்புகின்றது.

கால்வாயை அகலப்படுத்துகையிற் கரையிலே குடியிருந்தோரையும் மறத்தலாகாது. தொழிலுக்கும் பள்ளிக்கும் எட்டாத தொலைவிற் கொடுக்கும் வீடு அவர்க்கு வாழ்வாகாது.

நீருக்கு இடங்கொடுத்த நகரிலேதான் மனிதருக்கும் இடமுண்டு.