நெஞ்சு வலிக்குமுன் நம்பரைக் கேளுங்கள்

(தாராவியில் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் தெருவிலிருந்து ஒரு தோழரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்டிராக்டரிடம் குடோனில் மூட்டை தூக்கும் வேலை. வயது 42. இரவு பத்து மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். வேர்த்துக் கொட்டியது. நாம் என்ன செய்தோம்? "வாயு" என்றோம். சோடா வாங்கிக் கொடுத்தோம், பூண்டு தட்டிக் கொடுத்தோம், முதுகைத் தேய்த்துவிட்டோம். சயான் ஆஸ்பத்திரி நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே போய்ச் சேர்ந்தபோது விடிகாலை நான்கு மணி.

உயிர் தப்பியது. ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போய்விட்டது. இனி மூட்டை தூக்க முடியாது. அந்த ஆறு மணி நேரத்தை வீணாக்கியவர்கள் நாம்தான். இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

மாரடைப்பு என்றால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது. அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டே போகும். கட்டியைக் கரைக்கும் மருந்தும், குழாயைத் திறக்கும் சிகிச்சையும் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். வாயுவா, மாரடைப்பா என்று சோடாவால் கண்டுபிடிக்க முடியாது, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல் என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்சி கிடைத்தால் டாக்சி. தாய்மார்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் அசதியும் குமட்டலும் மூச்சிரைப்புமாகவும் வரலாம். வீட்டில் பெண்கள் அசதி என்று சொன்னால் நாம் காதில் வாங்குவதே இல்லை. அது வேறு.

சரி, தோழரின் கதைக்கு வருவோம். அவர் மனைவி சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். 13,000 ரூபாய்ச் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. என்று 520 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். நாங்கள் கணக்கெழுதிப் பிழைக்கும் குமாஸ்தாக்கள்; பார்த்தவுடனே புரிந்தது. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். நம் தோழர் கட்ட வேண்டியது 98 ரூபாய்தான். முதலாளி பங்கையும் சேர்த்து அவர் கூலியிலேயே பிடித்துவிட்டார்கள். இது சட்ட விரோதம்.

அதைவிடக் கொடுமை பின்னால் தெரிந்தது. மாதம் 26 நாள் உழைத்தவருக்கு 11 நாள் என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு 66 நாள். நோய்க்கால உதவித்தொகைக்கு 78 நாள் சந்தா வேண்டும். 12 நாளில் போயிற்று! அந்த 12 நாள் இருந்திருந்தால் கூலியில் நூற்றுக்கு 70 வீதம் 91 நாள் வரை வீட்டுக்கு வந்திருக்கும். நாள் கூலி 500 என்று வைத்தால் 31,850 ரூபாய். கடுமையான இதய நோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் உண்டு. இரண்டு வருட வேலையும் 156 நாள் சந்தாவும் சரியாக இருந்தால், நூற்றுக்கு 80 வீதம் இரண்டு ஆண்டுவரை கிடைக்கும்.

இது யாரும் போடும் பிச்சை அல்ல. 1948-இல் சட்டம் வந்து, 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம். 2025 நவம்பரில் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் திட்டம் நடக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இது உரிமை. அந்த வரம்பு 2017-இல் வைத்தது. விலைவாசி எங்கே போயிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

எங்களைப் போன்ற நிரந்தர இரயில்வே ஊழியருக்கு இரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. நாங்கள் ஏறி இறங்கும் பிளாட்பாரத்தைக் கூட்டுகிற கண்டிராக்ட் தொழிலாளிக்கு அது கிடையாது. அவருக்கு ஈ.எஸ்.ஐ.தான். அதையும் கண்டிராக்டர் விழுங்கினால் எங்கே போவார்? (ஆஸ்பத்திரி இருந்தும் இரத்தக் கொதிப்பைப் பார்க்கச் சோம்பும் குமாஸ்தாக்கள் எங்களில் பலர் உண்டு. பெருமைப்பட ஒன்றுமில்லை.)

ஆகவே முதலில் உங்கள் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பத்து இலக்கம். வீட்டில் பெண்களுக்கும் தெரிய வேண்டும். எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்கு அது ஒரு நிமிட வேலை. குடும்பத்தார் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் மனைவி மக்களை விட்டு வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: குடும்பத்துக்கு ஊருக்கருகே உள்ள டிஸ்பென்சரியைத் தனியாகப் பதிவு செய்யலாம். திருநெல்வேலியிலும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. நம்மை நம்பி வாழும் பெற்றோரையும் சேர்க்க வழியுண்டு. அவசர நேரத்தில் டிஸ்பென்சரிச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாம் என்று 2020-இலேயே முடிவாகியிருக்கிறது. பில்லையும் டாக்டர் சான்றையும் பத்திரமாக வையுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைந்த தோல் பட்டறையில் இருப்பவர்கள், மகாராஷ்டிர ரேஷன் கார்டு இருந்தால் மகாத்மா புலே திட்டத்தில் இதய சிகிச்சை பெறலாம். சங்க அறைக்கு வாருங்கள், விவரம் சொல்கிறோம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் கூடாது. கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் கணக்கு அங்கேயே தாண்டிவிட்டது. பீடியை விட்டவர்கள் கைனி போடுகிறார்கள். தாய்மார்களில் சிலர் இங்கு வந்தபின் மிஷேரி தேய்க்கப் பழகிவிட்டார்கள். எல்லாம் புகையிலைதான், எல்லாம் குழாயைக் கெடுக்கும்.

அந்த 12 நாளுக்காக மனு எழுதியிருக்கிறோம். அதே குடோனில் அவரோடு மூட்டை தூக்கியவர்கள் பதினாறு பேர். அவர்கள் கணக்கிலும் 11 நாள்தான் இருக்கும். இதுவரை கையெழுத்துப் போட்டவர்கள் ஐந்து பேர். மீதிப் பேரில் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எங்களுக்குப் புரிகிறது. மனு இந்த மேசையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்து ஒரு மணி நேரம் நாங்கள் இங்கேயே இருப்போம்.