தலைமை பயின்ற ஐவர்

தலைமை என்றதும் நம் மனம் மேடையையே நாடுகிறது. நான் சொல்லவிருக்கும் இளைஞர்கள் அதனை வேறிடத்தில் பயின்றவர்கள். 1967ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில், மெக்சிகோ வழிவந்த கல்லூரி இளைஞர் ஐவர் ‘மாயோ’ என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தனர்.

அவருள் குட்டியெரெஸ் என்பார் தம் சிற்றூராகிய கிறிஸ்டல் சிட்டிக்கே திரும்பினார். அவ்வூர்ப் பள்ளியில் மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளே மிகுதி. நிருவாகமோ பிறர் கையில். விளையாட்டுப் போட்டியில் உற்சாக முழக்கமிடும் மாணவியரைத் தேர்வதிலும் ஓரவஞ்சனை! 1969 டிசம்பரில் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினர், பெற்றோரும் துணைநின்றனர். 1970 ஏப்ரலில் குட்டியெரெஸ் பள்ளிக் குழுவுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எனினும், ஐவருள் என் மனங்கவர்ந்தவர் வில்லி வெலாஸ்குவெஸ். 1974இல் அவர் தொடங்கிய அமைப்பு, வாக்காளர் பட்டியலில் தம் மக்களின் பெயர்களைச் சேர்க்கலாயிற்று. வீடுவீடாக ஏறி இறங்கும் வேலை. கரவொலிக்கு அங்கு இடமேது? 1988இல் மறையும்வரை அதனை அவர் விடவில்லை.